பலன்கள் என்று ஒரு பத்தி

ஏதாவது ஒரு யோகாசனப் புத்தகத்தைக் கையில் எடுங்கள். எது என்பது முக்கியமில்லை. புத்தகக் கண்காட்சியில் சமையலுக்கும் வாஸ்துவுக்கும் நடுவே அடுக்கி வைத்திருப்பார்கள். எல்லாவற்றிலும் ஒரே அமைப்புதான். மேலே ஆசனத்தின் பெயர். கீழே ஒரு போட்டோ. அரை டிராயர் போட்ட ஒருவர், நாம் முயன்றால் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்ய வேண்டியிருக்கும் நிலையில், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி சாதாரண முகத்துடன் இருப்பார். அடுத்தது 'செய்முறை'. கடைசியில் 'பலன்கள்'.

இந்த வாரம் அந்தக் கடைசிப் பத்தியைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். கவிதையையும் நாவலையும் பிரித்து மேய்கிற விமர்சகர்கள் அந்தப் பத்தியைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் நாவலைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்துவதில்லை. இதைப் படித்துவிட்டு நிறுத்துகிறார்கள்.

என் மேஜையில் இருக்கும் ஒரு புத்தகத்தில் சர்வாங்காசனத்துக்கு நேராக எழுதியிருப்பது: தைராய்டு, ஆஸ்துமா, மலச்சிக்கல், மூலம், தலைவலி, மாதவிடாய்க் கோளாறு, ஞாபக மறதி, முடி உதிர்தல். எல்லாம் 'நீங்கும்'. பக்கத்தைத் திருப்பினால் மத்ஸ்யாசனம். அதற்கும் கிட்டத்தட்ட இதே பட்டியல், வரிசை மட்டும் மாறியிருக்கிறது. நாலு ஆசனம் தாண்டுவதற்குள் மனித குலத்துக்கு மிச்சம் இருப்பது ஜலதோஷம் ஒன்றுதான். அதுவும் ஐந்தாவதில் போய்விடுகிறது.

சிரித்துவிட்டுப் போய்விடலாம். எங்கள் மாடியில் குடியிருக்கும் ரிட்டயர்டு அக்கவுண்ட்ஸ் ஆபீசர் விஷயத்தில் சிரிக்க முடியவில்லை.

அவருக்கு அப்போது 64 வயது. பத்து வருஷமாக பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர். பேரன் பிறந்தநாளுக்குப் போன இடத்தில் யாரோ ஒரு ஆசனப் புத்தகம் கொடுக்க, ஆள் பிடித்துக்கொண்டார். கணக்குப் பிள்ளை அல்லவா, எதையும் ஒழுங்காகச் செய்வார். விடியற்காலை ஐந்து மணிக்கு மொட்டை மாடியில் ஜமுக்காளம் விரித்துவிடுவார். மூன்று மாதத்தில் நாலு கிலோ குறைந்தது. நல்ல தூக்கம். முகத்தில் ஒரு தெளிவு. 'ரத்தக் கொதிப்பு அறவே நீங்கும்' என்று புத்தகத்தில் போட்டிருந்தது. அறவே என்றால் அறவேதான் என்று எடுத்துக்கொண்டு, சம்சாரத்திடம்கூடச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

ஐந்து வாரம் கழித்து ஒரு காலை காபி டம்ளர் கையிலிருந்து நழுவியது. எடுக்கப் போனால் விரல் சொன்னபடி கேட்கவில்லை. பேச்சு குழறியது. மருமகள் சமயோசிதமாக உடனே ஆட்டோ பிடித்து அழைத்துப் போனதால் பிழைத்தார். "நல்லாத்தானே சார் இருந்தேன்?" என்று ஆஸ்பத்திரியில் என்னிடம் கேட்டார். அதுதான் ரத்த அழுத்தத்தின் குணம். ஏறியிருப்பது ஆளுக்குத் தெரியாது. கருவியைக் கையில் சுற்றி அளந்தால்தான் தெரியும். உற்சாகமாக இருப்பது வேறு, 180 இருப்பது வேறு. இரண்டும் ஒரே உடம்பில் ஒரே காலையில் இருக்கலாம்.

தப்பு ஆசனத்தின் மேலா? கிடையாது. அவருக்கு வந்த தூக்கமும் குறைந்த எடையும் நிஜம். தப்பு அந்தப் பத்தியின் மேல். அதைப் படிக்கத் தெரியாத நம் மேலும் கொஞ்சம்.

இந்தப் பத்தி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் சுமார் 195 சூத்திரங்கள். அவற்றில் ஆசனத்துக்கு அவர் ஒதுக்கியது மூன்று. அதிலும் ஒரு ஆசனத்தின் பெயர்கூடக் கிடையாது. ஆடாமல், அதே சமயம் வசதியாக உட்கார வேண்டும் என்கிறார். அப்படி உட்கார்ந்துவிட்டால் குளிர், சூடு போன்ற இரட்டைகள் தொந்தரவு செய்யாது என்கிறார். முடிந்தது. அடுத்து மூச்சுக்குப் போய்விடுகிறார். ஆசனம் என்ற சொல்லுக்கே இருக்கை என்றுதானே அர்த்தம்? மனதைக் கவனிக்க வேண்டும், அதற்கு ரொம்ப நேரம் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் முதுகும் முழங்காலும் கூப்பிடக் கூடாது. அவ்வளவுதான் அவர் நோக்கம்.

நோயைப் பற்றி அவர் பேசாமலில்லை. யோகத்துக்குத் தடையாக வருபவை என்று ஒன்பது சொல்கிறார். அதில் முதலாவதே வியாதிதான். அவருக்கு நோய் என்பது வழியில் கிடக்கும் கல். அதைத் தாண்டிப் போய்ச் சேர வேண்டிய ஊர் வேறு. இன்றைய புத்தகங்களில் கல்லை அகற்றுவதே யாத்திரை ஆகிவிட்டது.

நம் திருமூலரும் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்பு யோகத்தை விவரிக்கும்போது, 'ஆதனம்' என்ற தலைப்பில் சில பாடல்களோடு நிறுத்திக்கொள்கிறார். பத்மாசனம் மாதிரி உட்காரும் நிலைகள்தான் பெரும்பாலும். மூவாயிரம் பாட்டு எழுதியவருக்கு ஆசனத்தைப் பற்றி இன்னும் முந்நூறு எழுதுவது சிரமமில்லை. தேவை என்று நினைக்கவில்லை.

ஆசனம் வளர்ந்தது ஹட யோகத்தில். 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஸ்வாத்மாராமர் எழுதிய ஹட யோகப் பிரதீபிகையில் 15 ஆசனங்கள். அதற்குப் பின்னால் வந்த கேரண்ட சம்ஹிதையில் 32. சிவபெருமான் சொன்னது 84 லட்சமாம், அதில் சிறந்தவை 84, மனிதர்களுக்கு உகந்தவை 32 என்று தள்ளுபடி போட்டுக் கொடுக்கிறது அந்த நூல். ஆசனத்தால் உடம்புக்கு நிலைத்தன்மை, ஆரோக்கியம், லேசான தன்மை மூன்றும் வரும் என்கிறார் ஸ்வாத்மாராமர். அழகான, நியாயமான வாக்குறுதி. அதோடு நிறுத்தியிருக்கலாம். மயூராசனத்துக்கு வரும்போது உற்சாகமாகி, ஆலகால விஷத்தையே ஜீரணிக்க வைக்கும் என்கிறார். நம் 'பலன்கள்' பத்தியின் கொள்ளுத்தாத்தா இங்கேதான் இருக்கிறார்.

ஸ்வாத்மாராமரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவர் எழுதிய காலத்தில் அது ஒரு இலக்கிய வழக்கம். விஷ்ணு சகஸ்ரநாமத்தின் கடைசியில் பலஸ்ருதி இருக்கிறது. சம்பந்தர் ஒவ்வொரு பதிகத்தையும் முடிக்கும்போது கடைக்காப்பில் தன் பெயரைச் சொல்லி, பாடினால் என்ன கிடைக்கும் என்றும் சொல்கிறார். நூற்பயன் சொல்லாமல் நம் பெரியவர்கள் நூலை முடிப்பதில்லை. 'வா, வந்து உட்கார், உனக்கு நல்லது நடக்கும்' என்று வாசலில் நின்று கூப்பிடும் குரல் அது. கேட்டவர்களுக்கும் அது கூப்பிடும் குரல் என்று தெரியும். மயூராசனம் செய்துவிட்டு யாரும் விஷம் குடித்துப் பார்த்ததாகத் தகவல் இல்லை.

சிக்கல் 20-ஆம் நூற்றாண்டில் ஆரம்பிக்கிறது. 1924-ல் லோனாவ்லாவில் சுவாமி குவலயானந்தா கைவல்யதாமாவைத் தொடங்கினார். ஆசனத்தை எக்ஸ்ரேயிலும் அளவுக் கருவிகளிலும் வைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு. நல்ல ஆசை. அதே காலத்தில் ஔந்த் சமஸ்தானத்து ராஜா சூரிய நமஸ்காரத்தை ஊர் ஊராகப் பரப்பிக்கொண்டிருந்தார். 1930-களில் மைசூர் மகாராஜாவின் ஆதரவில் கிருஷ்ணமாச்சார்யா அரண்மனையில் பையன்களுக்கு ஆசனம் கற்றுக்கொடுத்தார். இதில் எவ்வளவு பழசு, எவ்வளவு மேல்நாட்டு ஜிம்னாஸ்டிக்ஸ் என்று கேட்டு மார்க் சிங்கிள்டன் 2010-ல் ஒரு புத்தகமே எழுதினார். பெரிய சர்ச்சையானது. நமக்கு வேண்டியது வேறு. ஆசனம் மடத்தை விட்டு வெளியே வந்து அச்சில் ஏறியது. போட்டோ, நம்பர் போட்ட செய்முறை, வியாதிகளின் நவீனப் பெயர்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. பலஸ்ருதி வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டது. கூப்பிடும் குரல், மருந்துச் சீட்டு போலப் படிக்கப்பட ஆரம்பித்தது.

மருந்துச் சீட்டாக இருந்தாலாவது பரவாயில்லை. எட்டு ரூபாய் மாத்திரை அட்டையோடுகூட, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில், யார் சாப்பிடக் கூடாது, என்ன பக்க விளைவு என்று ஒரு காகிதம் மடித்து வைக்கிறார்கள். ஆசனப் புத்தகத்தில் பலன்கள் பத்து வரி. எச்சரிக்கை அரை வரி. சிலதில் அதுவும் இல்லை.

இந்த வகையின் சிகரம் பி.கே.எஸ். ஐயங்காரின் 'லைட் ஆன் யோகா'. 1966-ல் வந்தது. வயலின் மேதை யெஹுதி மெனுஹின் முன்னுரை. சுமார் 200 ஆசனங்கள், 600-க்குப் பக்கத்தில் போட்டோக்கள். ஐயங்கார் 1918-ல் பெரிய ஃப்ளூ காலத்தில் பிறந்து, சின்ன வயசில் மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று எல்லாம் பார்த்தவர். தன் அத்திம்பேரான கிருஷ்ணமாச்சார்யாவிடம் ஆசனம் கற்று உடம்பைத் தேற்றிக்கொண்டு, 2014-ல் 95 வயதில் காலமானார்.

இந்தப் புத்தகத்தை நான் இரண்டு புத்தகங்களாகப் பார்க்கிறேன். முதலாவது, செய்முறைகள். எந்தப் பாதம் எத்தனை டிகிரி திரும்ப வேண்டும், எந்தத் தொடை இறுக வேண்டும், எடை குதிகாலில் விழுகிறதா விரலில் விழுகிறதா... ஒரு ஆசாரி மரத்தைப் பற்றிப் பேசுகிற மாதிரி உடம்பைப் பற்றிப் பேசுகிறார். ஒவ்வொரு ஆசனத்துக்கும் எவ்வளவு கஷ்டம் என்று 1 முதல் 60 வரை மதிப்பெண் போட்டிருக்கிறார். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சிரசாசனத்தில் ஆரம்பிக்க வேண்டாம் என்று தெளிவாகவே சொல்கிறார். அத்தனையும் முப்பது வருஷம் தன் உடம்பிலும் மாணவர்கள் உடம்பிலும் பார்த்துத் தெரிந்துகொண்டது. படித்தால் நம்பிக்கை வருகிறது.

இரண்டாவது புத்தகம் பின்னிணைப்பில் இருக்கிறது. அசிடிட்டியில் ஆரம்பித்து அகர வரிசையில் வியாதிகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆசனங்கள். இங்கே குரல் மாறிவிடுகிறது. தொடைத் தசை இறுகியதா என்பதை ஐயங்காரால் தொட்டுப் பார்க்க முடியும். ஒரு நோய் ஆசனத்தால் போனதா, தானாகப் போனதா, கூடவே சாப்பிட்ட மருந்தால் போனதா என்பதைத் தொட்டுப் பார்க்க முடியாது. அதற்கு இரண்டு கூட்டம் ஆட்கள் வேண்டும். ஒரு கூட்டம் செய்ய வேண்டும், இன்னொன்று செய்யாமல் இருக்க வேண்டும், இரண்டையும் அளந்து பார்க்க வேண்டும். ஒரு தனிமனிதரின் அனுபவம் எவ்வளவு பெரிதானாலும் இந்த வேலையைச் செய்யாது. வருத்தம் என்னவென்றால், பின்னால் வந்த மலிவுப் பதிப்புக்காரர்களும் இப்போது செல்போனில் ஒரு நிமிஷ வீடியோ போடுகிறவர்களும் அந்த முதல் புத்தகத்தை விட்டுவிட்டு இரண்டாவதை எடுத்துக்கொண்டார்கள். கஷ்டப்பட்டு எழுதியது கிடக்கிறது, சுலபமாக எழுதியது பரவிவிட்டது.

அப்படியானால் அளந்து பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள்? நல்ல செய்தியும் உண்டு. நாள்பட்ட முதுகுவலிக்கு யோகா பற்றிய சோதனைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து 2017-ல் காக்ரேன் அமைப்பு ஒரு அறிக்கை வெளியிட்டது. எந்த உடற்பயிற்சியும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், யோகா செய்தவர்களின் அன்றாட நடமாட்டம் மூன்றாவது, ஆறாவது மாதங்களில் ஓரளவு தேறியிருந்தது. முதுகுக்கான மற்ற பயிற்சிகளோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சிலருக்கு வலி அதிகமானதும் உண்டு. அதே வருஷம் முடிவு வெளியான, பாஸ்டனில் 320 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையில், 12 வாரம் யோகா வகுப்புக்குப் போனவர்கள் பிசியோதெரபிக்குப் போனவர்களுக்குச் சளைக்கவில்லை. அமெரிக்க டாக்டர்கள் சங்கம் ஒன்றும் நாள்பட்ட முதுகுவலிக்கு மருந்துக்கு முன்னால் முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவைச் சேர்த்தது. 'ஓரளவு', 'சளைக்கவில்லை'. இந்த வார்த்தைகளில் கவர்ச்சி கிடையாது. ஆனால் முதுகுவலிக்காரரைக் கேளுங்கள். 'ஓரளவு' என்பது அவருக்கு எவ்வளவு பெரிய வார்த்தை என்று சொல்வார்.

ரத்த அழுத்தம் கொஞ்சம் இறங்குவதாகச் சொல்லும் ஆய்வுகளும் இருக்கின்றன. மாத்திரையோடு சேர்த்துச் செய்யலாம். மாத்திரைக்குப் பதிலாக என்று சொல்ல அவை போதாது.

சிரசாசனத்தால் மூளைக்கு ரத்தம் பாய்ந்து ஞாபக சக்தி பெருகும் என்பது இன்னொரு நிரந்தர வாக்கியம். மூளை அவ்வளவு ஏமாளி இல்லை. நாம் நின்றாலும் படுத்தாலும் தனக்கு வரும் ரத்தத்தின் அளவைக் கிட்டத்தட்ட ஒரே சீராக வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அதனிடம் இருக்கிறது. கண் அழுத்தம் அப்படி ஒரே சீராக இருப்பதில்லை. சென்னை சங்கர நேத்ராலயா டாக்டர்கள் 75 யோகாசனக்காரர்களைத் தலைகீழாக நிற்க வைத்துக் கண் அழுத்தத்தை அளந்து 2006-ல் வெளியிட்டார்கள். நிற்கும் நேரத்தில் அழுத்தம் சுமார் இரண்டு மடங்கு ஆகிறது. அந்தப் பழக்கத்தால் மற்ற நேரத்திலும் கண் அழுத்தம் கூடியிருப்பவர்கள் அதிகமாக இருந்தார்களா என்றால், அப்படித் தெரியவில்லை. நல்ல கண் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே கிளாக்கோமா இருக்கும் கண்ணுக்கு அது வேண்டாத வேலை. இது எங்கள் ஊரிலேயே அளந்து சொன்ன விஷயம். ஆனால் என் மேஜையில் இருக்கும் புத்தகத்தில் சிரசாசனத்தின் பலன்களில் 'கண் பார்வை கூர்மையாகும்' என்றுதான் இருக்கிறது.

சாது மாதிரி இருக்கும் வஜ்ராசனம்கூட அளவு மீறினால் சும்மா விடாது. மணிக்கணக்கில் குதிகால் மேல் உட்கார்ந்து காலின் நரம்பு அமுங்கிப் பாதம் தூக்க முடியாமல் போன ஒரு கேஸைப் பற்றி 1971-லேயே அமெரிக்க மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள்.

இதையெல்லாம் சொல்வதால் 'இவன் யோகாவுக்கு எதிரி' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். உண்மையான பலனை மறைப்பது அந்தப் பத்திதான் என்பதே என் புகார். ஆசனம் நிஜமாகச் செய்கிற வேலைகள் இருக்கின்றன. நாற்காலியில் மடங்கியே கிடந்து குறுகிப்போன தசையை இழுத்துக் கொடுக்கிறது. ஒற்றைக் காலில் நின்று பழகியவர் வயசான பிறகு பாத்ரூமில் தடுமாறினாலும் சமாளிக்கக்கூடும். மெதுவாக மூச்சு விடும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நாள் முழுக்க எங்கேயோ சுற்றும் கவனம் இருபது நிமிஷம் இடது முழங்காலுக்குத் திரும்பி வருகிறது. ஸ்வாத்மாராமர் சொன்ன மூன்றும் இவைதான். ஐநூறு அறுநூறு வருஷத்துக்கு அப்புறமும் அந்த வாக்குறுதி தாங்குகிறது. ஆலகால விஷம்தான் தாங்கவில்லை.

புத்தகத்தால் முடியாத ஒன்றும் இருக்கிறது. கிருஷ்ணமாச்சார்யா பிற்காலத்தில் சென்னைக்கு வந்து, நூறு வயது வரை இருந்து, ஆளைப் பார்த்து ஆசனத்தை மாற்றிச் சொல்லிக்கொடுப்பதில் பேர்பெற்றார். இவருக்கு இது, அவருக்கு அது வேண்டாம் என்று. புத்தகத்துக்கு எதிரில் உட்கார்ந்திருப்பவருக்கு 64 வயதா, பத்து வருஷ பி.பி.யா என்று தெரியாது. தெரியாத ஒன்று, 'அறவே' என்று எழுதக் கூடாது.

என்னைக் கேட்டால், பச்சிமோத்தானாசனத்துக்கு எதிரே பலன்கள் பத்தி இப்படி இருக்க வேண்டும்: 'தொடையின் பின்தசை நாளடைவில் தளரும். முதல் மாதம் விரல் கணுக்காலைத் தொடாது, கவலை வேண்டாம். முதுகில் டிஸ்க் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். செய்து முடித்ததும் சற்று நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதி நிஜம்.' இப்படி எழுதினால் புத்தகம் விற்காது என்பார் பதிப்பாளர். ஒரு பதிப்பு குறைவாக விற்கட்டுமே.

மாடி வீட்டுக்காரர் இப்போது மறுபடி மொட்டை மாடிக்கு வருகிறார். டாக்டர் சம்மதத்தோடு, வாரம் இரண்டு நாள் ஒரு ஆசிரியர் வந்து சொல்லித்தருகிறார். தலைகீழ் சமாச்சாரம் எதுவும் கிடையாது. மாத்திரை டப்பா கிழமை போட்டு ஜமுக்காளத்தின் பக்கத்திலேயே இருக்கிறது. போன வாரம் கேட்டேன்.

"பலன் எப்படி சார் இருக்கு?"

கொஞ்ச நேரம் யோசித்தார். கணக்குக்காரர், தப்பாக எழுத மாட்டார்.

"குனிஞ்சு நானே செருப்பு வாரைப் போட்டுக்கறேன் சார்" என்றார்.

இதை எந்தப் புத்தகத்தின் பலன்கள் பத்தியிலும் நான் பார்த்ததில்லை.